கைக்கடிகாரப் பூட்டின் கீறல்களை நீக்குதல்

கைக்கடிகாரப் பூட்டின் கீறல்களை நீக்குதல் என்பது, உலோகச் சங்கிலி கொண்ட கைக்கடிகாரத்தின் பூட்டில் (லாக்) அன்றாடப் பயன்பாட்டால் விழும் மெல்லிய கோடுகளை எளிய பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே சீர்செய்யும் முறை ஆகும். இம்முறையில் கீறல் நிரப்பப்படுவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள உலோகமே அதன் அடிமட்டம் வரை தேய்த்து அகற்றப்படுகிறது. அகற்றிய உலோகத்தை மீண்டும் பெற இயலாது. ஆதலால் பூட்டு எந்த உலோகத்தால் ஆனது என்பதை அறிந்த பின்னரே தேய்க்கத் தொடங்க வேண்டும்.

கீறல் விழக் காரணம்

பூட்டு மணிக்கட்டின் உட்புறத்தில் அமைவதால், எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மேசை மீது உராய்கிறது. மேசையின் மரமோ நெகிழியோ எஃகைக் கீறும் அளவிற்குக் கடினமானவை அல்ல. மேசை மீது படியும் தூசியிலும் மணலிலும் உள்ள குவார்ட்சுத் துகள்களே பெரும்பாலான மெல்லிய கீறல்களை உண்டாக்குகின்றன. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்சின் மதிப்பு 7 ஆகும். பூட்டு செய்யப்படும் எஃகு அதைவிட மென்மையானது.

உலோகத்தை அறிதல்

பூட்டுகளைப் பொதுவாக இரு வகைகளாகப் பிரிக்கலாம்.

* முழுவதும் துருப்பிடிக்காத எஃகால் (எவர்சில்வர்) ஆனவை. இவற்றைத் தேய்க்கலாம்.
* பித்தளை முதலிய உலோகத்தின் மீது குரோமியம் அல்லது தங்க முலாம் பூசப்பட்டவை. முலாமின் தடிப்பு பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் மட்டுமே. தலைமுடியின் தடிப்பைவிட இது பன்மடங்கு குறைவு. தேய்த்தால் கீறலுக்கு முன்னர் முலாமே போய்விடும். கறுப்பு வண்ணப் பூச்சுள்ள பூட்டுகளுக்கும் இது பொருந்தும்.

தேய்ந்த விளிம்புகளில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அது முலாம் பூசிய பித்தளை எனக் கொள்ளலாம். காந்தச் சோதனை இங்கு உதவாது. கடிகாரங்களில் பயன்படும் எஃகும் பித்தளையும் காந்தத்தால் குறிப்பிடத்தக்க அளவு ஈர்க்கப்படுவதில்லை.

பின்மூடியில் உள்ள எழுத்துகளும் சிலரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தால் பின்மூடி மட்டுமே அவ்வகை எஃகு என்று பொருள். கூடும் பூட்டும் முலாம் பூசியவையாக இருக்கலாம். 1961 ஆம் ஆண்டு பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் பழைய கடிகாரங்கள் பலவற்றின் கூடு குரோமிய முலாம் பூசப்பட்டதே. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஆம் ஆண்டு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய கடிகாரங்களைத் தேய்க்காமல் விடுவதே அவற்றைப் பேணும் வழியாகும்.

மெருகின் வகைகள்

ஒரே திசையில் நுண்ணிய கோடுகள் கொண்டது வரி மெருகு; முகம் தெரியுமாறு பளபளப்பது கண்ணாடி மெருகு. பூட்டின் மேற்பரப்பு பெரும்பாலும் வரி மெருகாக இருக்கும். கீறலை அதே திசையிலான புதிய கோடுகளுக்குள் கலக்கச் செய்யலாம் என்பதால், வீட்டில் சீர்செய்ய வரி மெருகே எளிது.

செய்முறை

1. இயன்றால் சங்கிலியைக் கடிகாரத்திலிருந்து கழற்றவும். இல்லையெனில் கூட்டையும் கண்ணாடியையும் ஒட்டுநாடாவால் மூடவும்.
2. சோப்பு நீரிலும் மென்மையான பல்துலக்கியாலும் சங்கிலியைக் கழுவி உலர்த்தவும். மணல் துகள் எஞ்சினால் தேய்க்கும்போது புதிய கீறல் விழும். கழற்றாத கடிகாரத்தை நீரில் அமிழ்த்தலாகாது, ஈரத்துணியால் துடைக்கவும்.
3. பளபளப்பான விளிம்புகளையும் நிறுவனச் சின்னத்தையும் ஒட்டுநாடாவால் மறைக்கவும்.
4. பாத்திரம் துலக்கும் பச்சை நிறத் தேய்ப்பு நாரை, ஏற்கெனவே உள்ள கோடுகளின் திசையில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமாக இழுக்கவும். முன்பின்னாகவோ வட்டமாகவோ தேய்க்கக் கூடாது. முதலில் பூட்டின் உட்புறத்தில் சோதித்துப் பார்ப்பது நன்று.
5. கீறல் மறையாவிடில் 800 எண் உப்புத்தாளால் அதே திசையில் சில முறை இழுத்து, பின்னர் நாரால் முடிக்கவும். எண் கூடுமளவு தாள் நுண்ணியதாகும்.
6. மீண்டும் கழுவி நன்கு உலர்த்தவும்.

கண்ணாடி மெருகுள்ள பகுதியில் நாரோ கரடான தாளோ படக் கூடாது. அங்குள்ள மிக மெல்லிய கோடுகளை உலோக மெருகுப் பசையும் பருத்தித் துணியும் கொண்டு மங்கச் செய்யலாம்.

நகம் சிக்கும் அளவு ஆழமான கீறலை முழுவதும் நீக்க முயன்றால் பூட்டின் தகடு மெலிந்துவிடும். அத்தகைய கீறலின் ஓரங்களை மங்கச் செய்வதுடன் நிறுத்துவதே தகும்.

கடலோரப் பகுதிகளில்

வங்காள விரிகுடாவை அடுத்த காரைக்கால் மாவட்டத்தின் சுரக்குடி போன்ற ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் மிகுதி. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மீதுள்ள மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலமாகும். தேய்க்கும்போது இப்படலம் அகன்றாலும் தூய பரப்பில் காற்றுப் பட்டதும் தானே மீண்டும் உருவாகும். ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அதனைத் தாக்கும். கரடாக விடப்பட்ட பரப்பில் உப்பும் வியர்வையும் எளிதில் தங்குவதால், நுண்ணிய மெருகுடன் முடிப்பது அழகிற்கு மட்டுமன்றிப் பாதுகாப்பிற்கும் தேவையாகிறது.

சாதாரண இரும்புக் கம்பி நாரைப் பயன்படுத்தினால் அதன் துகள்கள் எஃகில் பதிந்து துருப்புள்ளிகளாகத் தோன்றும். முலாம் தேய்ந்து பித்தளை வெளிப்பட்டால் ஈரத்தாலும் வியர்வையாலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். இதனைத் தேய்த்துச் சரிசெய்ய இயலாது, மறுமுலாம் பூசுவதே வழி.

இவற்றையும் பார்க்க

கைக்கடிகாரம், துருப்பிடிக்காத எஃகு, மின்முலாம் பூசுதல், அரிமானம்