முத்திரை தரும் ஒளியா, திரை தரும் ஒளியா?

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்வோரை இன்று குழப்புபவை எச்டிஆர்10, டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் ஆகிய முத்திரைகள். இருளின் நுணுக்கத்தையும் வெளிச்சத்தின் தீவிரத்தையும் ஒரே காட்சியில் காட்டுவதே எச்டிஆர் தொழில்நுட்பம். அதன் பொது வடிவமான எச்டிஆர்10-க்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால், ஒளி பற்றிய ஒரே குறிப்பே படம் முழுமைக்கும் பொருந்தும். இருண்ட குகைக்கும் வெயில் காயும் பாலைவனத்துக்கும் ஒரே அளவுகோல்.

இக்குறையைக் களைய, காட்சிக்குக் காட்சி குறிப்பை மாற்றும் டால்பி விஷன் 2014-இல் அறிமுகமானது. அதற்கு உரிமம் பெற வேண்டும். போட்டியாக, சாம்சங்கும் அமேசானும் 2017-இல் எச்டிஆர்10 பிளஸை அறிவித்தன. விளைவாக, சாம்சங் பெட்டிகளில் டால்பி விஷன் இல்லை. எல்ஜி பெட்டிகளில் எச்டிஆர்10 பிளஸ் இல்லை. பொருந்தாத இடத்தில் படம் பெரும்பாலும் எச்டிஆர்10 வடிவில் ஓடும். அது பேரிழப்பன்று.

பேரிழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பெட்டி அந்த வடிவத்தை ஏற்கும் என்பதையே முத்திரை சொல்கிறது; அதற்கேற்ற ஒளி திரைக்கு உண்டா என்பதைச் சொல்வதில்லை. எச்டிஆர் படங்கள் பலவும் 1,000 நிட் அல்லது அதற்கும் மேற்பட்ட ஒளியளவுக்கெனத் தயாராகின்றன. மலிவுப் பெட்டிகள் பல 300 நிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. காட்சிவாரிக் குறிப்பு அங்கே ஓரளவு உதவலாம். இல்லாத ஒளியை உண்டாக்காது.

எனவே, திரையின் உச்ச ஒளியளவைப் பெட்டியின் மேல் அச்சிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதுவரை, கடையில் முதலில் கேட்க வேண்டியது முத்திரையை அன்று, நிட் எண்ணை.