கழிவுத் திறன்பேசிகளிலிருந்து அணிகருவிகள்

கழிவுத் திறன்பேசிகளிலிருந்து அணிகருவிகள் உருவாக்குதல் என்பது, பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட ஸ்மார்ட்போன்களின் மின்சுற்றுப் பலகை, உணரிகள், திரை, அதிர்வு மோட்டார் முதலிய பாகங்களை எடுத்து, உடலில் அணியத்தக்க மின்னணுக் கருவிகளாக மாற்றும் முறையாகும். இது மறுசுழற்சியிலிருந்து வேறுபட்டது. மறுசுழற்சியில் பேசி பொடியாக்கப்பட்டு உலோகம் மட்டும் மீட்கப்படுகிறது. மீள்பயன்பாட்டில் பாகங்கள் தம் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. கைப்பேசி உற்பத்தியில் இந்தியாவின் முதன்மையான இடங்களுள் ஒன்றான காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு இம்முறை நேரடியாகத் தொடர்புடையது.

பின்புலம்

திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையிலும், ஒரகடம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் அமைந்துள்ளன. இவ்விரு ஊர்களையும் சுற்றி சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. நோக்கியா நிறுவனம் இங்கு 2006 ஆம் ஆண்டு கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பணியாளர்களில் பெரும்பகுதியினர் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். வரித் தகராறு காரணமாக, 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறிய நோக்கியா கைப்பேசித் தொழிலில் இந்த ஆலை சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அங்கு பணியாற்றிய பல ஆயிரம் பேர் நுண்ணிய மின்னணுப் பொருத்துவேலையில் பெற்ற பயிற்சியோடு வேலையிழந்தனர்.

மின்னேற்றிகள் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அதே ஆலையை எடுத்துக்கொள்வதாக 2019 இல் அறிவிக்கப்பட்டது. பாக்ஸ்கான் நிறுவனம் 2019 முதல் சுங்குவார்சத்திரம் பகுதியில் ஐபோன்களைப் பொருத்தி வருகிறது. இவ்வாறு இந்த வட்டாரம் பேசிகள் பிறக்கும் இடமாக இருக்கிறது. அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலைகளும் இதே மாவட்டத்தில் இயங்குவதால், பேசிகள் முடியும் இடமாகவும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கட்டம், அதாவது பழுதான பேசியைப் பிரித்துப் பயன்படும் பாகத்தை வேறொன்றாக்கும் தொழில், இங்கு முறைப்படி வளரவில்லை. அவ்வேலையைச் சிறிய பழுதுநீக்கும் கடைகளும் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுமே செய்து வருகின்றன.

தேவை

2022 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024 ஆம் ஆண்டு உலக மின்கழிவு அறிக்கை கூறுகிறது.

பத்து லட்சம் கைப்பேசிகளில் சுமார் 16 டன் செம்பும், 350 கிலோ வெள்ளியும், 34 கிலோ தங்கமும் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. எனவே உலோக மீட்பு பயனற்றதன்று. ஆயினும் ஒரு பேசியின் மதிப்பில் பெரும்பகுதி உலோகத்தில் இல்லை. அதைச் சில்லாகவும் உணரியாகவும் வடிவமைத்த உழைப்பிலும் ஆற்றலிலும் உள்ளது. ஒரு திறன்பேசி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உற்பத்தியின்போதே ஏற்பட்டுவிடுகிறது. அரைவை எந்திரத்தில் போட்டதும் அந்த உழைப்பும் ஆற்றலும் முற்றாக இழக்கப்படுகின்றன.

மீட்கத்தக்க பாகங்கள்

திரை உடைந்ததாலோ மின்கலம் தளர்ந்ததாலோ மென்பொருள் புதுப்பிப்பு நின்றதாலோதான் பெரும்பாலான பேசிகள் ஒதுக்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் பிற பாகங்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

முடுக்கமானி, சுழல்காட்டி: அசைவையும் சாய்வையும் அளக்கும் நுண்ணுணரிகள். அடி எண்ணிக்கை, கீழே விழுதல், உடல் குனியும் கோணம் ஆகியவற்றை அறிய உதவுபவை.

அதிர்வு மோட்டார்: இரைச்சல் மிகுந்த இடத்தில் ஒலியின்றி எச்சரிக்கை தர ஏற்றது. எளிதாகக் கழற்றலாம்; நேரடியாக மின்சாரம் கொடுத்தே இயக்கிப் பார்க்கலாம்.

ஒலிவாங்கி, ஒலிபெருக்கி: மலிவானவை, மீண்டும் பொருத்த எளியவை.

ஒளிப்படக் கருவியும் மின்விளக்கும்: விரலை வைத்து அழுத்தினால், தோலுக்கடியில் ஓடும் குருதியின் ஒளி மாற்றத்தைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணக்கிடலாம்.

புளூடூத், வைஃபை, இடங்காட்டி: இவை முதன்மைப் பலகையிலேயே அமைந்தவை. தனியே பிரித்துப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது.

மின்கலத்தின் அருகே வெப்பவுணரி ஒன்றும் இருக்கும். அது மின்கலத்தின் சூட்டையே அளக்கிறது. அதைக் கொண்டு உடல் வெப்பநிலையைக் கணிப்பது தவறான முடிவைத் தரும்.

மீள்பயன்பாட்டின் மூன்று நிலைகள்

முழுப்பேசி நிலை: பேசியைப் பிரிக்காமல் உறை, வார், கூடு ஆகியவற்றால் உடலில் பொருத்துவது. 2014 இல் கூகுள் வெளியிட்ட அட்டைப்பெட்டிக் கண்காட்டியான கார்ட்போர்டு இதற்கு நன்கறியப்பட்ட சான்று. பார்வைக் குறைபாடுடையோருக்கான லுக்அவுட் செயலியும், பேசியைக் கழுத்தில் தொங்கவிட்டு அல்லது சட்டைப்பையில் முன்னோக்கி வைத்துப் பயன்படுத்தும் வகையில் அறிமுகமானது. செலவு மிகக் குறைவு. ஆனால் எடை 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். மணிக்கட்டுக்கு ஏற்றதன்று; மார்பு, இடுப்பு, தலைக்கவசம் ஆகியவற்றுக்கு ஏற்றது.

பலகை நிலை: திரை, உடற்கூடு, மின்கலம் ஆகியவற்றை நீக்கி முதன்மைப் பலகையை மட்டும் பயன்படுத்துவது. எடை சில பத்துக் கிராமாகக் குறையும். செயலி, நினைவகம், உணரிகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்தபடியே இருப்பதால் புதிதாகச் சுற்று அமைக்க வேண்டியதில்லை. மூன்று நிலைகளில் இதுவே பயனும் நடைமுறையும் ஒருங்கே பொருந்திய நிலை.

பாக நிலை: உணரிகளையும் சில்லுகளையும் தனித்தனியே பற்றிளக்கி எடுப்பது. முடுக்கமானி போன்ற சில்லுகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ளவை. கால்கள் இன்றி அடிப்பரப்பில் மட்டும் தொடர்புப் புள்ளிகள் கொண்டவை. ஈயமற்ற பற்றாசு உருக ஏறக்குறைய 217 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். சூடான காற்றால் எடுக்கும்போதே உணரியின் துல்லியம் கெடலாம். புதிய முடுக்கமானியின் விலை குறைவாக இருப்பதால், மோட்டார், ஒலிபெருக்கி போன்ற எளிய பாகங்களுக்கே இந்நிலை கட்டுப்படியாகிறது. திரைகளை மீட்பதும் கடினம். ஒவ்வொரு திரைக்கும் தனியான தொடக்கக் கட்டளைகள் உண்டு, அவற்றை உற்பத்தியாளர்கள் வெளியிடுவதில்லை.

செய்முறை

முதல் படி தேர்வு. திருட்டுப் பேசி அல்ல என்பதை ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு, 2023 மே மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம். அந்த எண்ணை மாற்றுவது குற்றமாகும்.

இரண்டாவது படி தரவு நீக்கம். முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே பேசியை மீட்டமைக்க வேண்டும். ஐபோன்களில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் உள்ள பூட்டுமுறை, கணக்கு நீங்காத பேசியை இயங்கவிடாது. திருட்டைத் தடுக்க வந்த இந்தப் பூட்டே, உரிமையாளர் அறியாமல் கழிவில் போட்ட நல்ல பேசிகளையும் அரைவைக்கு அனுப்பிவிடுகிறது.

மூன்றாவது படி மென்பொருள். தொடக்க ஏற்றி திறக்கத்தக்க பேசிகளில் லினேஜ்ஓஎஸ் அல்லது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற திறமூல இயங்குதளங்களை நிறுவலாம். தேவையற்ற செயலிகளை நீக்கி, உணரியைப் படிக்கும் ஒரே நிரலை இயக்குவதால் மின்செலவு குறையும்.

நான்காவது படி கணக்கீடு. எடுத்துக்காட்டாக, விழுதலை அறியும் கருவி ஒன்று நொடிக்கு 50 முதல் 100 முறை முடுக்கத்தை அளக்கிறது. அளவு சுழியை நெருங்குவது, உடனே பல மடங்கு உயர்வது, பிறகு அசைவின்றி நிற்பது என்ற மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அதை விழுதலாகக் கொள்கிறது. மூன்றாவது நிபந்தனை இல்லாவிட்டால் நாற்காலியில் தொப்பென்று அமர்வதும் விழுதலாகப் பதிவாகும்.

ஐந்தாவது படி உறை. வியர்வை புகாத, கூர்முனையற்ற, தோலை உறுத்தாத பொருளால் ஆன உறை வேண்டும். நிக்கல் கலந்த உலோகம் தோலில் படுவதைத் தவிர்க்க வேண்டும்.

மின்கலப் பாதுகாப்பு

இம்முறையின் மிகப் பெரிய ஆபத்து பழைய லித்தியம் அயனி மின்கலமே. உப்பிய, துளைபட்ட, வளைந்த மின்கலம் தீப்பற்றக்கூடும். கைக்கடிகாரத்தைப் போல மணிக்கட்டோடு கட்டிய கருவி தீப்பற்றினால் அதை உடனே கழற்றவும் இயலாது. எனவே பழைய மின்கலத்தை உடலோடு ஒட்டி அணியும் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய, சான்று பெற்ற புதிய சிறு மின்கலத்தைப் பொருத்துவதே முறை. பழைய மின்கலத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டிய இடத்தில், அதன் மேல் அச்சிடப்பட்ட மின்னேற்ற வரம்பை மீறக் கூடாது. பல கலங்களுக்கு அது 4.2 வோல்ட்டு, புதிய வகைகளில் சற்றுக் கூடுதல்.

பலகை சராசரியாக 100 மில்லிஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால், 2400 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு ஒரு நாளைக்குப் போதும். கடிகாரத்தில் இருக்கும் 300 மில்லிஆம்பியர்-மணி அளவுக் கலமோ மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேசிப் பலகை கடிகாரமாக மாறுவதற்குத் தடையாக இருப்பது அளவைவிட இந்த மின்பசியே. பலகை நிலைக் கருவிகள் இடுப்புப் பட்டையாகவும் மார்பு வாராகவும் அமைவதற்கு இதுவே காரணம்.

முன்னோடி முயற்சிகள்

சாம்சங் நிறுவனம் 2017 இல் பழைய கேலக்சி பேசிகளுக்கு மறுவாழ்வு தரும் கேலக்சி அப்சைக்ளிங் திட்டத்தை அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக, பழைய பேசியை விழித்திரை பார்க்கும் கைக்கருவியாக மாற்றிய ஐலைக் திட்டம் வியட்நாமில் தொடங்கி இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு விரிந்தது. ரெயின்பாரஸ்ட் கனெக்‌ஷன் அமைப்பு, பழைய பேசிகளைச் சூரியத் தகடுகளோடு மரங்களில் பொருத்தி, மரம் வெட்டும் ஓசையைக் கண்டறியச் செய்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2023 இல் பழைய பேசிகளை இணைத்துக் கணிப்பொறித் தொகுதி அமைத்தனர். எசுத்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 இல், ஒரு பேசிக்குச் சுமார் 8 யூரோ செலவில் இவ்வாறு மாற்றலாம் எனக் காட்டினர். அவர்களும் பழைய மின்கலங்களை நீக்கிவிட்டு வெளி மின்சாரத்தையே பயன்படுத்தினர். இவற்றுள் பல அணிகருவிகள் அல்ல. ஆயினும் கழித்த பேசி வேறொரு கருவியாக நெடுநாள் உழைக்கும் என்பதை இவை நிறுவியுள்ளன.

தமிழ்நாட்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இந்தோ-செருமானிய நிலைத்தன்மை மையம், பழைய மின்னணுப் பொருள்களை வைத்திருப்போரையும் பழுதுநீக்குவோரையும் இணைக்கும் ஈ-சோர்ஸ் என்னும் இணையவழிச் சந்தையை முன்வைத்தது.

சட்டநிலை

இந்தியாவில் முதல் மின்கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. இப்போதைய மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி உற்பத்தியாளர்கள் தாம் விற்றதற்கு ஈடாகக் குறிப்பிட்ட பங்கு கழிவு மறுசுழற்சி செய்யப்பட்டதற்கான சான்றிதழ்களைப் பெற வேண்டும். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் மீட்பைக் கொண்டு இச்சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தினால் உற்பத்தியாளரின் கடமை தள்ளிவைக்கப்படும். காலம் முடிந்ததும் அந்த அளவில் 75 விழுக்காடு மட்டும் கணக்கில் சேரும்.

பேசியின் பலகை இடுப்புப் பட்டைக் கருவியாக மாறும்போது, அது புதுப்பித்த பேசியும் அன்று, மீட்ட உலோகமும் அன்று. எனவே அரைப்பவருக்குக் கிடைக்கும் ஊக்கம் மாற்றியமைப்பவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. விற்பனைக்கு வந்தால் வேறு விதிகளும் சேர்கின்றன. திறன் கைக்கடிகாரங்களும் லித்தியம் மின்கலங்களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. நோயறியும் கருவி என்று சொல்லி விற்றால் மருத்துவக் கருவி விதிகளும் பொருந்தும்.

வட்டாரத்துக்கான பயன்களும் வரம்புகளும்

திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிலாளர்களுக்கு அணிகருவி புதியதன்று. மின்னணுப் பொருத்துவரிசையில் அமர்வோர் அணியும் நிலைமின் தடுப்புக் கைப்பட்டை, ஏறத்தாழ ஒரு மெகாஓம் தடையுடன் உடலை நிலத்தோடு இணைத்துச் சில்லுகளைக் காக்கிறது. அது பொருளைக் காக்கும் அணிகருவி. அணிபவரைக் காக்கும் கருவிக்கும் இங்கு இடமுண்டு: இரைச்சலுள்ள கிடங்கில் வண்டி நெருங்குவதை அதிர்வால் உணர்த்தும் பட்டை, தனியே பணிபுரிபவர் விழுந்தால் அறிவிக்கும் கருவி, முதுகு மிகையாகக் குனிவதை நினைவூட்டும் வார் ஆகியவை பலகை நிலையிலேயே செய்யத்தக்கவை. பல மின்னணு ஆலைகள் பணியிடத்தில் ஒளிப்படக் கருவி உள்ள பேசிகளை அனுமதிப்பதில்லை என்பதால், படக்கருவியையும் அட்டைச் செருகியையும் நீக்கியே இவற்றைச் செய்ய வேண்டும்.

அசைவை அளக்கும் கருவி தொழிலாளரின் ஓய்வு நேரத்தையும் அளந்துவிடும். தரவு யாரிடம் சேர்கிறது, எவ்வளவு நாள் வைக்கப்படுகிறது என்பதை அணிபவர் அறியாத நிலையில், பாதுகாப்புக் கருவி கண்காணிப்புக் கருவியாகிவிடும். எச்சரிக்கையைக் கருவிக்குள்ளேயே கணக்கிட்டு, தரவை வெளியே அனுப்பாமல் விடுவது இதற்கு எளிய தீர்வு. பழைய பேசியின் செயலிக்கும் அந்தத் திறன் தாராளமாக உண்டு.

ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் சிப்காட் அமைக்கும் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு ஒன்றிய அரசு ஆதரவளித்துள்ளது. பொருத்தும் கைத்திறனும் பழைய பேசிகளும் சோதனைக்கூட வசதியும் ஒரே மாவட்டத்தில் அமைவது இதனால் இயலக்கூடியதாகிறது. அதே வேளையில், எவ்வளவு நன்றாக மாற்றியமைத்தாலும் அந்தக் கருவியும் ஒருநாள் கழிவாகும். பலகையும் மின்கலமும் ஒட்டாமல் திருகால் பொருத்தப்பட்டிருந்தால், அடுத்து அதைப் பிரிப்பவருக்கு வேலை எளிதாகும். அதன் பின்னரே உலோக மீட்புக்கு அதை அனுப்புவது பொருந்தும்.