பிழைத்தவரை வீட்டுக்கு அழைத்துப் போகுமுன்

அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் திரும்பத் திரும்ப நடப்பது இது. தற்கொலைக்கு முயன்ற மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர், டாக்டர் கேட்டதும், "தெரியாம மாத்திரைய மாத்திப் போட்டுக்கிட்டா சார்" என்கிறார்கள். போலீஸ் கேஸாகிவிடும், வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம். ஆனால் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பது தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தொடங்கும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

போலீஸ் பயத்துக்கு இன்று அவசியமில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவே இல்லை. மருத்துவமனை எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதியலாம், போலீஸ் வந்து விசாரிக்கலாம். அதனால் யாரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள்.

அடுத்த தவறு டிஸ்சார்ஜ் அன்று நடக்கிறது. முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து, மீண்டும் அந்த நிலை வராமல் பார்ப்பது அரசின் கடமை என்று அதே 115ஆவது பிரிவு சொல்கிறது. வார்டிலோ, டிரிப்ஸ் இறங்கி முடிந்ததும், "பெட் வேணும், கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். இது அநியாயம். கேளுங்கள்:

• மனநல மருத்துவர் ஒருமுறையாவது பார்த்துப் பேசாமல் கிளம்பாதீர்கள்.

• டிஸ்சார்ஜ் சம்மரியில், அடுத்து மனநல ஓ.பி.க்கு வரவேண்டிய தேதியை எழுதி வாங்குங்கள்.

• மறுத்தால், மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவ அதிகாரிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தீரவில்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதன்பின் மாநில மனநல ஆணையம். அதே மனநலச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தரும் உரிமை இது.

வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி இருக்கட்டும். "எங்க மானத்த வாங்கிட்டியே" என்ற ஒரு சொல்லும் வேண்டாம். "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதும் உதவாது. உடைந்துபோனவருக்கு நம்பிக்கை மொத்தமாக வந்துவிடாது. புதன்கிழமை டாக்டரைப் பார்க்கணும், கூட அக்கா வருவாள் என்ற அளவில்தான் முதலில் வரும். அந்தப் புதன்கிழமையைத் தவறவிடாதீர்கள். கொஞ்சம் தெளிந்தவுடன், டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்தப் புதன்கிழமைவரை காத்திருக்க முடியாத இரவுகளும் வரும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்கவேண்டும் என்றில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரும் அழைக்கலாம். 14416ஐ இப்போதே செல்லில் பதிந்து வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: டாக்டரிடம் மறைக்காதீர்கள்.