தகவல் துளி: வேலியில் நிற்கும் மாட்டுத் தீனி
பசறை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் கறவை மாடு வளர்க்கும் நேயர்களே, வேலிக்கும் தேயிலை நிழலுக்கும் நிற்கிறதே சீமைக்கிளுவை, அந்தக் கிளிரிசீடியா நல்ல தீவனம். ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், முற்றிய கினிப்புல்லில் புரதம் நூற்றுக்கு 6, 7 பங்குதான். இந்த இலையிலோ 20க்கு மேல். பச்சையாகப் போட்டால் வாடைக்கே மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாலையில் வெட்டி, இரவு முழுக்க வாடவிட்டு, காலையில் புல்லோடு கலந்து போடுங்கள். முதலில் கைப்பிடி கைப்பிடியாக. பழகிய பிறகும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். கோழிக்கு இது தோதல்ல. அப்புத்தளைக் குளிரில் மரமும் அவ்வளவாகத் தழைக்காது. மலையில் களைநாசினி அடித்திருந்தால், அந்தப் பக்கத்து இலையையும் புல்லையும் அறுக்காதீர்கள்.