49 பயணிகளும் ஒரு மலை ரெயிலும்

ஒரு ரெயில் பாதையில் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 49 பேர்தான் பயணம் செய்கிறார்கள். அதை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் கட்டுவதா, கைவிடுவதா? ஜப்பான் நாட்டில் ஒரு மலை நாட்டு மக்கள் இந்தக் கேள்விக்கு விடை காண 11 ஆண்டுகள் போராடினார்கள்.

ஆற்றங்கரைப் பாதை

அந்தப் பாதையின் பெயர் தடாமி. புகுஷிமா மாகாணத்தில் உள்ள அய்சு வகமத்சு நகரையும் நீகட்டா மாகாணத்தில் உள்ள கொயிடேயையும் இணைக்கிறது. நீளம் 135.2 கிலோ மீட்டர். தண்டவாளங்களின் இடைவெளி 1,067 மில்லி மீட்டர்; நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலம். மின்சாரம் கிடையாது. சில பெட்டிகளே கொண்ட டீசல் வண்டிதான். தடாமி ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து, பல பாலங்களில் ஆற்றைத் தாண்டிச் செல்கிறது.

1926-ல் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1950-களில் டகோகுரா அணை கட்டியபோது, கவாகுச்சியிலிருந்து தடாமி ஊர் வரை சாமான்கள் கொண்டுபோகப் போட்ட பாதையில் 1963-ல் பயணிகள் வண்டி விட்டார்கள். 6 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மலைச் சுரங்கம் முடிந்து, 1971-ல் முழுப் பாதையும் இணைந்தது.

காப்பாற்றிய பனி

1980-களில் ஜப்பான் அரசு நஷ்டத்தில் ஓடிய கிளைப் பாதைகளை ஒவ்வொன்றாக மூடியது. தடாமி தப்பியது. காரணம் பனி! மலைக் கணவாய் வழியே செல்லும் சாலை குளிர்காலத்தில் பனி மூடி அடைபட்டுவிடும். அப்போது ரெயிலை விட்டால் வேறு வழியில்லை.

வந்தது வெள்ளம்

2011 ஜூலையில் பெய்த பேய்மழையில் மூன்று ஆற்றுப் பாலங்கள் முழுதாகவோ பகுதியாகவோ அடித்துச் செல்லப்பட்டன. மற்ற இடங்களைச் செப்பனிட்ட பிறகும், கவாகுச்சி-தடாமி இடையே 27.6 கிலோ மீட்டர் மட்டும் கிடந்தது. மேலே சொன்ன 49 பேர் என்பது வெள்ளத்துக்கு முந்திய 2010-ம் ஆண்டில் இந்தப் பகுதியின் கணக்கு. "பஸ் போதுமே" என்பது ரெயில் கம்பெனியின் வாதம். மாகாண அரசும் ஊர்களும் ஒப்பவில்லை. ரெயில் போனால் ஊரும் தேயும் என்று அஞ்சினார்கள்.

கடைசியில் 2017-ல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தண்டவாளமும் பாலமும் நிலையமும் மாகாண அரசுக்குச் சொந்தம். பராமரிப்புச் செலவும் அரசும் ஊர்களும் ஏற்கும். வண்டி ஓட்டுவது மட்டும் கம்பெனியின் வேலை. சாலையை அரசு போட, பஸ்ஸை முதலாளி ஓட்டுவது போல! சுமார் 900 கோடி யென் செலவில் பாதை சீராகி, 2022 அக்டோபர் 1-ந் தேதி ரெயில் மீண்டும் வந்தது.

அன்று திறந்த பகுதியில் நாளுக்குப் போகவர மூன்று வண்டிகள்தான். இலையுதிர் காலத்தில் பாலத்தைப் படம் பிடிக்க வெளியூர்க் கூட்டம் வருகிறது. ஆனால் மற்ற நாட்களின் செலவுக்கு உள்ளூர் மக்களின் வரிப்பணமே துணை. சாலைக்கு லாப நஷ்டம் பார்க்காதவர்கள் ரெயிலுக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள், அதற்கான விலையையும் கொடுக்க முன்வந்தார்கள்.