கரண்ட் வந்த பிறகு வழியும் தொட்டி

மன்னாரில் கடல்மீன் தொட்டி வைப்பது லேசு. கேனோடு கரைக்குப் போனால் தண்ணீர் சும்மா கிடைக்கிறது. கண்ணாடியில் துளைபோடத் துணியாதவர்கள், பிவிசி பைப்பை வளைத்து ஒட்டி, தொட்டி விளிம்புக்கு மேலால் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கும் வழிதல் பெட்டியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். செய்வது பிழையில்லை. கரண்ட் போய்த் திரும்பும் நேரத்தை யோசிக்காமல் செய்வதுதான் பிழை. இந்தக் கூத்தை நான் பார்ப்பது இது முதல்முறையல்ல.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அதைச் சொல்லிச் சிரித்த நண்பர் ஒருவர், மின்சாரம் வந்த பிறகு வெறுங்காலோடு வரவேற்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீரின் நடுவே எக்ஸ்டென்ஷன் கோட் கிடந்தது, சிவப்பு விளக்கு எரிந்தபடி. ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை? அடிக்கடி விழுகிறதென்று யாரோ அதைத் தாண்டி வயர் இழுத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். மேல்தொட்டித் தண்ணீர் பைப்புக்குள் உறிஞ்சி ஏறி, வளைவைக் கடந்து இறங்குகிறது. வளைவின் உச்சியில் காற்றுச் சேர்ந்தால் உறிஞ்சல் அறும். கீழேயுள்ள மோட்டருக்கு அது தெரியாது, ஏற்றிக்கொண்டே இருக்கும்; மேல்தொட்டி வழியும். மோட்டர் நிற்கும்போது வேறொரு ஆபத்து: ஏற்றிய பைப் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கி, கீழ்த்தொட்டி வழியும்.

ஆகவே முதலில் கணக்குப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரையடி அகலமுள்ள தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் சுமார் 14 லீற்றர். மேல்தொட்டி விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம்தான் வெறுமையென்றால், மோட்டர் கீழ்த்தொட்டியிலிருந்து உறிஞ்சக்கூடிய தண்ணீர் 14 லீற்றரைத் தாண்டக்கூடாது. மோட்டர் நின்றதும் மேலிருந்து இரண்டு அங்குலம் திரும்பி இறங்குமென்றால் கீழ்த்தொட்டியில் 28 லீற்றருக்கு மேல் வெற்றிடம் வேண்டும்.

ஏற்றும் பைப்பில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மில்லிமீற்றர் துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்துப் பின்னோட்டத்தை நிறுத்தும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். உப்பும் பாசியும் பிடித்தால் சரியாக மூடாது. துளையையும் மாதமொருமுறை துப்புரவாக்குங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு. மீன் விடுமுன் மோட்டரைப் பத்துத் தடவை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே வளைவுக்குள் காற்றை விட்டுப் பாருங்கள். தரை நனைந்தால் திருத்துங்கள்.

கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கிணற்றுத் தண்ணீரைவிட மின்சாரம் அதில் மிக இலகுவாக ஓடும். எனவே 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதமொருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிவு என்று பொருள். கசிவைத் தேடாமல் சுவிட்சைத் தாண்டி வயர் இழுப்பவர் எமனுக்குக் கூலிவேலை செய்கிறார். பிளக் சுவரில் உயரத்தில் இருக்கட்டும். வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், அப்போது ஒழுகும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

மோட்டரே பழுதென்றால்? இங்கேதான் சனம் கோட்டை விடுகிறது. கடைக்காரர் "பில் வேணுமோ?" என்று கேட்டதும் தலையாட்டி மறுத்துவிட்டு வருகிறோம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் பொருளின் பெயரும் மாடலும் திகதியும் எழுதிக் கேளுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கடை மாற்றித் தர மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். அது எழுத்தில் இருக்கவேண்டும். வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். அதிகாரசபையின் 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள், ஆனால் வாய்ச்சொல் காற்றோடு போகும். பில், அட்டை இரண்டின் பிரதிகளையும் இணைத்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலப் பில்லைக் கைவிடாதீர்கள்.

வாடகை வீட்டின் சுவரோ அயலவர் பொருளோ நனைந்து தகராறானால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வேண்டியதில்லை. நனைந்த அன்றே படமெடுத்து வையுங்கள்.

தரையில் தண்ணீர் கண்டால் அதில் மிதிக்காதீர்கள்; முதலில் மெயின் சுவிட்ச். மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியே நனைந்திருந்தால் மின்சாரச் சேவையின் 1987ஐ அழையுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் தொட்டு இழுக்காதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு 1990 அம்புலன்சை அழையுங்கள்.

நண்பரிடம் அண்மையில் கேட்டேன், ட்ரிப் சுவிட்ச் சரியாக்கியாச்சோ என்று. "வாற மாசம் பாப்பம்" என்றார். தொட்டியும் மோட்டரும் புதிது. அந்த வயர் மட்டும் பழையபடியே கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.