ஊர் சுற்றும் சொற்கள் – 14: யாவ கிராஸ் சார்?

பெங்களூரில் ஆட்டோவை நிறுத்தி 'மல்லேஸ்வரம்' என்று மட்டும் சொன்னால் வண்டி கிளம்பாது. "யாவ கிராஸ் சார்?" என்று கேட்பார் ஓட்டுநர். அவர் தமிழராக இருந்தால் 'எந்த கிராஸ்' என்பார். கிராஸ் மட்டும் மாறாது.

நமக்கு கிராஸ் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு செயல்: ரோட்டை கிராஸ் பண்ணுகிறோம். பெங்களூரில் அது ஓர் இடம். நீண்டு ஓடும் தெரு மெயின். அதைக் குறுக்கே வெட்டிப் போகும் தெரு கிராஸ். மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் தெற்கு வடக்காகப் போகின்றன. அவற்றை வெட்டும் கிராஸ்களுக்கு வடக்கே போகப் போக எண் ஏறும். 'எட்டாவது கிராஸ்' என்றால் பூ, பழம், புடவை வாங்கும் கடைத்தெரு. ஏழாவது கிராஸும் மார்கோசா ரோடும் சந்திக்கும் இடத்தில் சி.டி.ஆர். ஓட்டல், வெண்ணெய் மசாலா தோசைக்காக ஞாயிறு காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். அந்தப் பேட்டைக்காரர்களுக்கு எண்ணே ஊர்ப்பெயர் மாதிரி.

பழைய பெங்களூர் இப்படி இல்லை. 1537-ல் கெம்பேகௌடா எழுப்பிய ஊரில் தொட்டபேட்டை, சிக்கபேட்டை என்ற இரண்டு பெருந்தெருக்கள் ஒன்றையொன்று வெட்டின. ஊரின் முதல் கிராஸ் அதுதான் என்றாலும் அப்போது யாரும் அதை அப்படி அழைக்கவில்லை. சுற்றிலும் இருந்த தெருக்களுக்குத் தொழிலும் குலமும் பெயர் கொடுத்தன. அரிசிக்கு அக்கிபேட்டை, பருத்திக்கு அரளேபேட்டை, குயவருக்குக் கும்பாரபேட்டை, எண்ணெய்ச் செக்கு ஆட்டியவருக்கு காணிகரபேட்டை. விலாசத்தைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

1898-ல் பிளேக் வந்தது. பேட்டைகளின் நெரிசலில் நோய் வேகமாகப் பரவியது. அதன் பிறகு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் மளமளவென்று வளர்ந்தன. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதால் நேர்கோட்டில் அகலமான தெருக்கள், வீடுகளின் பின்பக்கம் கழிவு அள்ளிப் போக 'கன்சர்வன்சி லேன்' என்ற ஒடுக்கமான சந்து. மல்லேஸ்வரத்தில் அந்தச் சந்துகள் இன்றும் இருக்கின்றன. இப்படிக் கோடு போட்டு வரைந்த ஊரில் தெருவுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை, எண் போதும். 1948-ல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஜெயநகரிலும் இதே முறைதான்.

வினை அதற்குப் பிறகுதான். 1945-ல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், 1976-ல் அதன் இடத்தில் வந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ.வும் லேஅவுட் மேல் லேஅவுட்டாகப் போட்டுக்கொண்டே போயின. ஒவ்வொன்றிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆறாவது கிராஸ் ஜெயநகரிலும் உண்டு, இந்திராநகரிலும் உண்டு, கோரமங்களாவிலும் உண்டு. இரண்டு கிராஸுக்கு நடுவே பிற்பாடு ஒரு தெரு முளைத்தால் அது 'ஆறாவது ஏ கிராஸ்'.

நகரத்தின் விளிம்பில் இன்னொரு பொருள் காத்திருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிராமத்துக்குச் சாலை பிரியும் முக்குக்கும் கிராஸ் என்றுதான் பெயர். துமகூரு சாலையில் ஜாலஹள்ளி கிராஸ், பழைய மெட்ராஸ் ரோட்டில் பூதிகெரே கிராஸ். பூதிகெரே ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. கிராஸில் இறங்கி ஊரைத் தேடினால் கிடைக்காது. நாம் 'கூட்ரோடு', 'விலக்கு' என்று சொல்வதற்கு நிகரான சொல் இது.

தமிழ்நாட்டிலும் தெருவைக் குறிக்கும் கிராஸ் இல்லாமல் இல்லை. திருச்சி தில்லைநகரில் 'பத்தாவது கிராஸ்' என்றால் சின்னப் பிள்ளையும் வழிகாட்டும். ஆனால் நம்மிடம் இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளே அதிகம். கோர்ட்டில் "சீஃப் முடிஞ்சுது, கிராஸ் அடுத்த வாய்தாவுக்கு" என்கிறார் வக்கீல். அது குறுக்கு விசாரணை. மாட்டுச் சந்தையில் 'ஜெர்சி கிராஸ்' என்றால் கலப்பினப் பசு. ஒற்றைப் பாதையில் ரயில் காரணம் தெரியாமல் நின்றால், பக்கத்து சீட்டுக்காரர் "கிராசிங் சார்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

வேடிக்கையானது பேங்க் கிராஸ். செக்கின் இடது மூலையில் சாய்வாக இரண்டு இணைகோடுகள் போட்டால் அது கிராஸ் செய்த காசோலை. 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்வது இது. கவுன்ட்டரில் காசு கிடைக்காது, கணக்கில்தான் ஏறும். கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதே இல்லை. செக்கின் முகத்தைத்தான் வெட்டுகின்றன.

இத்தனை வேடங்களில் எனக்குப் பிடித்தது பெங்களூர் வேடம்தான். எண்ணுக்குக் குலமும் கிடையாது, தொழிலும் கிடையாது. 'ஆறாவது கிராஸ்' என்கிற விலாசம், அங்கே குடியிருப்பவர் யாரென்று கேட்பவருக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருக்கு அது சின்னச் சலுகையல்ல.

பெங்களூரில் வீடு தேடிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். முதலில் லேஅவுட்டின் பெயர், அடுத்து ஸ்டேஜோ பிளாக்கோ, பிறகு மெயின், கடைசியில்தான் கிராஸ். வெறும் கிராஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினால் ஆட்டோ மீட்டர்தான் ஓடும்.

அடுத்த வாரம்: அட்ஜஸ்ட்.